கூடங்குளம்: இடம் முந்தி, கேள்வி பிந்தி

மின்வெட்டு நாட்களில் ஓசூர் டீக்கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "அணுமின் நிலையத்தை இங்கேயே கட்டினால் என்ன சார்?"

கட்ட முடியாது. கூடங்குளத்தின் ஓர் உலை சுமார் 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாக்கி, 1,000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. மீதி வெப்பத்தைத் தண்ணீர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் கெலவரப்பள்ளி அணை எந்த மூலைக்கு? பக்கத்திலேயே பெங்களூரு வேறு. அதனால்தான் கடலும், கெட்டிப் பாறையும், ஜன நெருக்கம் குறைந்த இடமும் தேடிப் போகிறார்கள்.

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்தார்கள். 1989 மே மாதம் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதே மே 1-ம் தேதி கன்னியாகுமரியில் மீனவர்கள் திரண்ட பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. நல்ல தண்ணீரைப் பேச்சிப்பாறை அணையிலிருந்து எடுப்பதாக முதலில் திட்டம். குமரி விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலைதான் அங்கே வந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சில் 'ஆங்கெத் ப்யூப்ளிக்' என்றொரு ஏற்பாடு உண்டு. பெரிய வேலைக்கு அனுமதி தருமுன் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், ஒரு பதிவேடு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதலாம். நம் நாட்டில் பொதுமக்கள் கருத்துக் கேட்பு விதியாக வந்தது 1997-ல். அதனால் முதல் இரண்டு உலைகளுக்கு அது நடக்கவில்லை. அடுத்த நான்கு உலைகளுக்கு 2007 ஜூனில் திருநெல்வேலியில் நடந்தது. அதற்குள் இடம் முடிவாகி ஏறக்குறைய இருபது வருஷம் ஆகிவிட்டது.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் 20,000 பேருக்குக் குறைவாக இருப்பது நல்லது. இடிந்தகரை அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. 2011-ல் புகுஷிமா விபத்துக்குப் பிறகு அந்த ஊர் உண்ணாவிரதம் உட்கார்ந்ததில் ஆச்சரியம் என்ன? 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் 15 நிபந்தனைகளோடு நிலையத்துக்கு அனுமதி தந்தது.

குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு ஒன்று தெரியும். உத்தரவுக்கு முன் வரும் மனுவைப் படிப்பார்கள். உத்தரவுக்குப் பின் வரும் மனுவைக் கோப்பில் சேர்ப்பார்கள். கூடங்குளத்து மின்சாரம் தமிழ்நாட்டுக்கும் போகிறது, கர்நாடகத்துக்கும் போகிறது. எல்லையின் இரு பக்கமும் அனுபவிக்கும் நாம், அடுத்த நிலையத்துக்கு இடம் பார்க்கும்போதாவது அந்த ஊர்க்காரர்களை முதலில் கேட்கச் சொல்லலாம்.