இந்த வில்லை யாருடையது?

லண்டன் போய் வந்த நண்பர், பழைய நாணயக் கடையில் வாங்கிய செம்பு வில்லை ஒன்றைக் கையில் வைத்தார். அரைப்பென்னி அளவு. 'ஏதோ கிளப் மெடல்னு நினைக்கிறேன்' என்றார். ஒரு பக்கம் ஒலிவக் கிளையோடு பறக்கும் புறா, சுற்றிலும் நாடாளுமன்றச் சீர்திருத்தத்துக்காக ஒன்றுபட்டதாகச் சொல்லும் வாசகம், 1795. மறுபக்கம், அட, நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்ச விறகுக்கட்டுக் கதை! கூடவே பெயர்: லண்டன் கரஸ்பாண்டிங் சொசைட்டி.

செருப்புத் தைக்கும் தாமஸ் ஹார்டி 1792 ஜனவரியில் தொடங்கிய சங்கம் அது. வாரச் சந்தா ஒரு பென்னி. உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்ற அதன் விதியிலிருந்துதான் ஈ.பி. தாம்சன் 1963இல் ஆங்கிலத் தொழிலாளி வர்க்க உருவாக்கம் பற்றிய தன் நூலைத் தொடங்குகிறார். கனவான்களின் கிளப் கதவை மூடிக்கொள்வதால் கிளப். இது கதவைத் திறந்துவைத்தது. அரசு மிரண்டது அதில்தான்.

பெயர் தெரிந்துவிட்டது, சரி. அதோடு விஷயம் முடியவில்லை. அரசு சில்லறைச் செம்புக்காசு அடிப்பது ஏறக்குறைய நின்றுபோக, 1787 முதல் தனியார் டோக்கன்கள் புழங்கின. சேகரிப்பாளர்கள் அவற்றைத் துரத்தி வாங்கினார்கள். பட்டறைக்காரர்களும் ஒன்றின் முன்பக்க அச்சை இன்னொன்றின் பின்பக்கத்தோடு மாற்றிப் போட்டு, அவர்களுக்கென்றே 'அபூர்வ' ரகங்கள் அடித்து விற்றார்கள். கலகமும் சரக்காயிற்று. ஆக, சங்கத்தின் பெயர் பொறித்திருப்பதாலேயே இது தோழர்களின் பையில் கிடந்தது என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆளும் தரப்பைச் சேர்ந்த லண்டன் பிட் கிளப்பின் பதக்கங்களில் உறுப்பினர் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள். அவர்களுக்கென்ன பயம்? ஹார்டியின் வீட்டில் 1794 மே மாதம் புகுந்த அரசு, காகிதங்களை அள்ளிப் போனது. ராஜத்துரோக வழக்குப் போட்டது. நவம்பர் 5 அன்று ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். மறுவருஷம் டிசம்பரில் கூட்டங்களை ஒடுக்க இரண்டு சட்டங்கள். 1799இல் சங்கத்துக்கே பெயர் சொல்லித் தடை. அப்படிப்பட்ட காலத்தில் தன் பெயரைச் செம்பில் வெட்டி வைத்துக்கொள்ள எந்த நெசவாளி துணிவான்? இந்த வில்லையில் ஆள் பெயர் கிடையாது. அதிகாரத்தின் கையில் கிடைத்தாலும் எவனையும் காட்டிக்கொடுக்காது.

நண்பருக்கு ஒரு வருத்தம்: 'ரொம்பத் தேஞ்சு போச்சு, விலை போகாது.' எனக்கோ அந்தத் தேய்மானம்தான் சாட்சி. புறாவின் சிறகு வழுவழுவென்றிருக்கிறது. சேகரிப்பாளர் பெட்டியிலேயே இருந்திருந்தால் இப்படித் தேயாது. ரொட்டிக்கோ பீருக்கோ சில்லறையாகக் கை மாறியிருக்கிறது, பல வருஷம்.