ஒரே பேராசிரியர், இரண்டு மாணவர்கள்: வணிகத்தின் பொறுப்பை யார் படிப்பாக்கினார்கள்?

விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று எல்லா வழியிலும் நம் பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறிப் போகிறார்கள். அவர்கள் பறித்த காய் போடிக்கு இறங்கி வந்து ஏலம் போகிறது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் மேலாண்மை படிக்கும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். கல்லூரியில் ‘நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு’ என்று ஒரு பருவம் முழுக்கப் பாடம். மரம் நடும் படம் காட்டினார்களாம், பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் அடிக்கும் படம் காட்டினார்களாம். சாதி என்ற சொல் மட்டும் ஒருமுறைகூட வரவில்லையாம்.

இந்தப் படிப்பு ஏதோ நேற்று வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உசிலம்பட்டி, பேரையூர் தாண்டினால் வரும் தே.கல்லுப்பட்டிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஜே.சி.குமரப்பா 1953 முதல் கடைசிக் காலம் வரை வாழ்ந்த காந்திநிகேதன் ஆசிரமம் அங்கேதான் இருக்கிறது. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்திய கிறித்தவர் அவர். பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதி படித்தார். இந்தியாவின் வறுமைக்கும் அரசு நிதிக்கும் உள்ள தொடர்புதான் அவருடைய ஆய்வு.

அதே செலிக்மனிடம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் படித்தவர் நம் அண்ணல் அம்பேத்கர். மாகாண நிதி பற்றிய அண்ணலின் நூல் 1925ல் வந்தபோது முன்னுரை எழுதியதும் செலிக்மன்தான். இருவரையும் ஒரே பாடத்தில் வைத்துச் சொல்லித்தந்த வகுப்பறையை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

குமரப்பா குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு மாத்தர் தாலுகாவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். 1934 இறுதியில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளரானார். அங்கே ஆராய்ச்சி நடந்தது, பயிற்சிப் பள்ளி நடந்தது, பத்திரிகையும் வந்தது. ஒரு பொருளை வாங்குகிறவருக்கு அது எப்படி உண்டானது என்பதிலும் பங்கு உண்டு என்று அவர் எழுதினார். மேற்கு ஆப்பிரிக்காவில் கட்டாய உழைப்பில் விளைந்த கோகோவைக் குடிப்பவரும் அந்தப் பாவத்தில் கூட்டாளி என்பது அவர் வாதம். கோகோ இருக்கும் இடத்தில் ஏலக்காயை வைத்துப் படியுங்கள், அது நம் ஊர்க் கதையாகிவிடும்.

ஆனால் அவர் பட்டியலில் இருந்த கைத்தொழில்களில் தோல் பதனிடுதலும் ஒன்று. அந்தத் தொழில் ஏன் ஒரே சாதியின் தலையில் விழுந்தது என்ற கேள்விக்கு வார்தா பாடத்திட்டத்தில் இடமில்லை. கேட்டவர் அண்ணல். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைக்கிறது என்று 1936ல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் சொன்னார். அது அவர் புத்தகத்தில் மட்டும் கண்ட உண்மையல்ல. 1918ல் பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தபோது, ஆசிரியர் அறையின் பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். வணிகம் கற்பித்த கல்விச் சமூகம் அவரை அப்படித்தான் வரவேற்றது. 1945ல் அவர் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அதன் சித்தார்த்தா வணிக, பொருளாதாரக் கல்லூரி 1953ல் வந்தது. குமரப்பா கல்லுப்பட்டிக்கு வந்ததும் அதே ஆண்டுதான்.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். லாபம் எப்படி வந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் செய்வது இந்தக் கணக்கில் சேராது. நிகர லாபம் 5 கோடி என்ற வரம்புக்குள் நம் மலைத் தோட்டங்களில் எத்தனை வரும்? 2012ல் ஒரு பொருளாதார வார இதழில் வந்த ஆய்வு, ஆயிரம் பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை எடுத்துப் பார்த்தது. 90 சதவீதத்துக்கும் மேல் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் இருவரும் சேர்ந்து 3.5 சதவீதம். பொறுப்பைப் பற்றித் தீர்மானம் போடும் மேசை இதுதான்.

எங்கள் வட்டத்தில் இப்போது ஞாயிறு மாலைகளில் 135ஆம் பிரிவையும், 2025 வரை நடைமுறையில் இருந்த 1951ன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறோம். மருத்துவம், குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம் எல்லாம் இரண்டாவதில் எழுதியிருந்தது. போன வாரம் மலைக்குப் போகும் அக்கா ஒருவர் வந்திருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் தோட்டத்துல தங்குறவங்களுக்குத்தானே தம்பி, தினம் ஏறி இறங்குற எங்களுக்கு எந்தப் பக்கம்?” என்றார். அடுத்த ஞாயிறு அந்தப் பக்கத்தைத்தான் தேட உட்காருகிறோம்.