நாய்களின் கல்லீரல் நோயும் 1974ஆம் ஆண்டின் மக்காச்சோள நஞ்சும்

நாய்களின் தொற்றுக் கல்லீரல் அழற்சி அடினோவைரசு ஒன்றால் உண்டாவது. சுவீடனைச் சேர்ந்த ரூபார்த் 1947இல் இதனை விரிவாக விவரித்தார். இந்த வைரசு மனிதரைத் தாக்குவதில்லை. மனிதருக்கு மஞ்சள் காமாலை தரும் வைரசுகளும் நாய்க்கு நோய் தருவதில்லை. ஆகவே ஒரே வீட்டில் மனிதரும் நாயும் ஒருசேரக் காமாலை கண்டால், இருவரும் உண்ட உணவையும் ஐயுற வேண்டும்.

இந்தியாவில் அப்படியே நடந்தது. 1974ஆம் ஆண்டின் கடைசி இரு மாதங்களில் குஜராத்தின் பஞ்ச்மகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில் பழங்குடி மக்களிடையே காமாலை பரவியது. கண் மஞ்சளித்து, சில நாட்களிலேயே வயிற்றில் நீர் கோத்துப் பெருவயிறானது. ஓர் ஆய்வின் கணக்கில் 397 பேர் நோயுற்றனர். அவர்களில் 106 பேர் இறந்தனர். வீட்டு நாய்களுக்கும் அதே காமாலை, அதே பெருவயிறு. அவையும் மாண்டன.

அந்த மக்களின் அன்றாட உணவு மக்காச்சோளம். அவ்வாண்டு பருவம் தவறிப் பெய்த மழையில் கதிர்கள் நனைந்தன. சரியாக உலராமலே சேமிக்கப்பட்டன. தானியத்தில் ஆசுபெர்சில்லசு பிளேவசு என்னும் பூஞ்சை படர்ந்து, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரந்திருந்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரி குழுவினர் 1975இல் வெளியிட்ட ஆய்வின்படி, நோயாளிகள் ஒரு மாத காலம் நாளொன்றுக்கு 2 முதல் 6 மில்லிகிராம் வரை இந்நஞ்சை உண்டிருக்கக்கூடும். உணவில் மைக்ரோகிராம் கணக்கில் வரம்பு வைக்கப்படும் பொருள் இது.

நாய்கள் இதற்கு முன்பே இதே பாடத்தைச் சொல்லியிருந்தன, கேட்கத்தான் ஆளில்லை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் நாய்கள் கல்லீரல் கெட்டுச் செத்தன. தீவனமே காரணம் என்பது 1955 வாக்கில் தெரிந்தது. நஞ்சு எதுவென்று தெரியாததால் அதற்கு ‘எக்ஸ் கல்லீரல் அழற்சி’ என்றே பெயர். 1960இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்கு தின்ற வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் இறந்த பின்னரே அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்டது. நாய்களைக் கொன்றதும் அதுதான் என்பது பிறகு விளங்கியது. 1981இல் கென்யாவில் மக்காச்சோளத்தால் 12 பேர் இறந்தபோதும் அப்பகுதி நாய்கள் செத்தன.

குடலில் உறிஞ்சப்படும் இந்நஞ்சு நேரே கல்லீரலுக்குப் போகிறது. அதை வெளியேற்ற முனையும் கல்லீரல் நொதிகளே அதனைக் கொடிய வேதிப்பொருளாக மாற்றிவிடுகின்றன. அதனால்தான் அடி முதலில் கல்லீரலில் விழுகிறது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி போன்ற தாழ்வான பகுதிகளில், ஐப்பசி கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளேயே ஈரம் ஏறும். பூசணம் பிடித்த சோளமாவையோ வேர்க்கடலையையோ ‘நமக்குத்தான் ஆகாது, வேகவைத்து நாய்க்குப் போடலாம்’ என்று எண்ணுவோர் உண்டு. சாதாரணச் சமையல் சூட்டில் அஃப்ளாடாக்சின் அழிவதில்லை. உண்ட நாய் உணவை மறுக்கும், வாந்தி எடுக்கும். பின்னர் கண்ணும் ஈறும் மஞ்சளிக்கும். இதற்கெனத் தனி முறிமருந்து கிடையாது. தீவனத்தை உடனே நிறுத்தி, கல்லீரலைத் தாங்கும் சிகிச்சையையே மருத்துவர்கள் தருகின்றனர்.