காய் என்றால் என்ன?

மதுரைக்கு பி.காம். படிக்க வந்த புதிதில் நடந்தது இது. கயத்தாறு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவன் நான். மகால் பக்கத்தில் ஒரு சந்தில், கூடப் படிக்கும் நண்பனின் வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. காலையில் எழுந்தால் கீழே குழாயடியில் பெண்கள் பேசுவது கேட்கும். ஒரு வார்த்தை கூடப் புரியாது. 'காய்' என்ற ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழும். "காய்?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் ஏதோ நீளமாகச் சொல்வார். மறுபடியும் "காய்?"

இந்தத் தெருவில் காய்கறிக்கு இவ்வளவு தட்டுப்பாடா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வேறு சந்தேகம் வந்தது. நான் படியிறங்கும்போது பேச்சு நிற்கிறது, தாண்டிப் போனதும் மறுபடி தொடங்குகிறது. நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள்! புரியாத மொழியில் யார் பேசினாலும் நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றுவது எல்லோருக்கும் உள்ள வியாதி போலிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து நண்பனிடம் கேட்டுவிட்டேன். "டேய், காய்னா என்னடா?" அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "காய்னா 'என்ன'தான்டா."

அப்படித்தான் எனக்கு சௌராஷ்டிர மொழி அறிமுகமானது. இந்த மொழியைப் பேசுகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள், ஏன் மதுரையில் தங்கினார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். (அந்த செமஸ்டரில் காஸ்ட் அக்கவுண்டிங் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.)

கதை மத்தியப் பிரதேசத்தில் தொடங்குகிறது. அங்கே மந்தசோர் என்று ஓர் ஊர், அதன் பழைய பெயர் தசபுரம். அங்கு கிடைத்த சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்றைப் பாடியவர் வத்சபட்டி என்ற கவிஞர். பாட வைத்தவர்கள் அரசர்கள் அல்ல, பட்டு நெசவாளர்கள். லாட தேசத்தில், அதாவது இன்றைய தெற்கு குஜராத்தில் இருந்த ஒரு நெசவாளர் சங்கம், தசபுரத்து மன்னர்களின் நல்ல குணத்தைக் கேள்விப்பட்டு மனைவி மக்களோடு குடிபெயர்ந்து வந்ததாக அது சொல்கிறது. மன்னர்கள் அவர்களைப் பெற்ற பிள்ளைகளைப் போல மதித்தார்களாம். சம்பாதித்த பணத்தில் கி.பி. 437-ல் அவர்கள் ஒரு சூரியன் கோயில் கட்டினார்கள். அது பழுதாகவே 473-ல் அதே சங்கம் அதைப் புதுப்பித்தது. கல்வெட்டு அப்போது வெட்டியது. குமாரகுப்தன் காலத்துச் செய்திகளுக்காக வரலாற்று மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். என்னை இழுத்தது வேறு ஒரு விஷயம். வந்தவர்களில் சிலர் தறியிலேயே இருந்தார்கள், சிலர் வில்வித்தை கற்றார்கள், சிலர் சோதிடம் படித்தார்கள், சிலர் கதை சொல்வதில் பெயர் எடுத்தார்கள் என்று அதில் வருகிறது. புது ஊருக்கு வந்தவன் அப்பன் தொழிலைத்தான் செய்ய வேண்டும் என்று யாரும் கட்டிப்போடவில்லை.

வணிகவியல் மாணவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி சங்கங்களுக்கு 'சிரேணி' என்று பெயர். நாசிக் குகைக் கல்வெட்டு ஒன்றில் நகபானனின் மருமகன் உஷவதாதன் நெசவாளர் சிரேணிகளிடம் 3,000 காசு வைப்பு வைத்த கணக்கு இருக்கிறது. 2,000-க்கு மாதம் 1 சதவீதம் வட்டி, 1,000-க்கு முக்கால் சதவீதம். மந்தசோருக்கு முந்நூறு வருடத்துக்கு முன்பே நெசவாளர்களை நம்பி ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருக்கிறார்கள்! அகதியாக வருவது வேறு, இப்படிப்பட்ட கைத்தொழிலோடும் நாணயத்தோடும் வருவது வேறு.

மந்தசோர் நெசவாளர்கள்தான் மதுரைக்காரர்களின் முன்னோர் என்று அந்தக் கல்வெட்டிலிருந்து நிரூபிக்க முடியாது. சௌராஷ்டிரர்கள் அவர்களைத் தங்கள் மூதாதையர் என்று கொண்டாடுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களே சொல்லும் பயணக் கதை இது. 1026-ல் கஜினி முகமது சோமநாதபுரத்தைத் தாக்கிய பிறகு சௌராஷ்டிர நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். யாதவ மன்னர்களின் தேவகிரியில் தங்கினார்கள். 1296-ல் அலாவுதீன் கில்ஜி தேவகிரி மேல் படையெடுத்த பின் தெற்கே நகர்ந்து விஜயநகரம் வந்தார்கள். 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகரமும் போயிற்று. அப்புறம் நாயக்கர்களின் தமிழ்நாடு.

ஆண்டுகளை எல்லாம் இவ்வளவு ஒழுங்காகக் கோத்தால் எனக்கு லேசாக சந்தேகம் வரும். ஒரு ஜனக்கூட்டம் ரயில் ஏறுவது போல ஒரே நாளில் மொத்தமாக ஊர் மாறாது. ஆனால் போன வழிக்கு அவர்கள் வாயிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. நம்முடைய 'காய்'தான்! குஜராத்தியில் 'என்ன' என்பதற்கு 'ஷு' என்பார்கள். மராத்தியில்தான் 'காய்'. தேவகிரி இருப்பது மராத்தி நாட்டில். தண்ணீருக்கு 'பாணி' என்கிறார்கள், அது வடக்கே எங்கும் உள்ள சொல். கூடவே தெலுங்குச் சொற்கள், கன்னடச் சொற்கள், கடைசியாகத் தமிழ். தங்கிய ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர் மொழியைக் கற்று, கொஞ்சம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பியிருக்கிறார்கள்.

பயணத்தை மறக்காமல் இருக்க அவர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கல்யாணத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கேள்வியும் பதிலுமாக ஓர் உரையாடல் சொல்வார்கள். எங்கிருந்து வந்தோம், எந்தெந்த ஊரில் இருந்தோம் என்பதெல்லாம் அதில் வரும். தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் 'பட்டுநூல்காரர்' என்ற தலைப்பில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சம்பந்தி என்று உறவு கொண்டாடுவதற்கு முன்னால் "நீங்கள் யார், எந்த ஊர்" என்று முறையாகக் கேட்டு, முறையாகப் பதில் வாங்கிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் இதே விசாரணை புரோக்கர் மூலமாகத் திருட்டுத்தனமாக நடக்கும்!

சரி, மதுரை ஏன் அவர்களைச் சேர்த்துக்கொண்டது? பெருந்தன்மை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனமில்லை. அரண்மனைக்குப் பட்டு தேவைப்பட்டது. ஆண்டவர்களான நாயக்கர்களே வீட்டில் தெலுங்கு பேசியவர்கள், அதனால் இன்னொரு மொழி வந்து சேர்வது அந்த ஊருக்கு அதிசயமாக இருந்திருக்காது. திருமலை நாயக்கர் (1623 - 1659) இவர்களை அழைத்து மகாலைச் சுற்றிக் குடியமர்த்தினார் என்று சொல்கிறார்கள். இன்றும் மகால், பந்தடித் தெருக்கள், பத்துத் தூண் சந்து என்று நடந்தால் அந்த மொழி காதில் விழுகிறது. பழைய அரண்மனையின் மிச்சமாக நிற்கும் பத்துத் தூண்களுக்குக் கீழே ஜவுளிக் கடைகள். ராஜாவின் வீடு போய்விட்டது, அவருக்கு நெய்து கொடுத்தவர்களின் வியாபாரம் நிற்கிறது.

ஆனால் அழைத்து வந்ததால் மட்டும் ஊர் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாது. அதற்குச் சோதனை ராணி மங்கம்மாள் காலத்தில் வந்தது. ஆவணி அவிட்டத்தன்று பூணூல் மாற்றியதற்காக இவர்களில் 18 பேரை மதுரையின் அதிகாரி சிறைபிடித்தார். நெசவு நெய்கிறவர்களுக்கு இந்தச் சடங்கு உண்டா என்பது வழக்கு. மங்கம்மாள் சாஸ்திரம் படித்தவர்களைக் கூட்டி விசாரித்தார். தீர்ப்பு இவர்களுக்குச் சாதகமாக வந்தது. 1705-ல் ஓலையில் எழுதி ஒரு சாசனமே கொடுத்தார். இன்றைய கண்ணால் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. வந்த ஊரில் இடம் கேட்பது என்றால் அன்று சாதி ஏணியில் இத்தனையாவது படி என்று கேட்பதுதான். ஏணியே வேண்டாம் என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, எழுத்தில் பதில் கொடுத்தார்களே, அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சட்டென்று சொல்லிவிடலாம், ஏனென்றால் அது நமக்குத் தெரிந்த மதுரை. சுங்குடிச் சேலை இவர்கள் கைவேலை. மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நடனகோபால நாயகி சுவாமிகள் (1843 - 1914) சௌராஷ்டிரத்திலும் பாடினார், தமிழிலும் பாடினார். கும்பகோணத்து சௌராஷ்டிரரான எம். வி. வெங்கட்ராம் தன் நெசவாளர்களைப் பற்றி 'வேள்வித் தீ' எழுதினார். 'காதுகள்' நாவலுக்காக 1993-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். பிறகு டி.எம்.எஸ்.! அந்த முதல் எழுத்து 'தொகுளுவா' என்ற அவருடைய குடும்பப் பெயர். தமிழை எப்படி உச்சரிக்க வேண்டும் என்பதற்கு எங்கள் தமிழாசிரியர் உதாரணம் காட்டிய குரல், வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்த குரல். இது தெரிந்த அன்று எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

இனி குழாயடிக்கு வருகிறேன். நான் படியிறங்கும்போது பேச்சு ஏன் நின்றது என்று பல மாதம் கழித்துத்தான் புரிந்தது. என்னைப் பற்றிப் பேசியதால் அல்ல. தமிழ்ப் பையன் வருகிறான், அவனுக்குப் புரியாத மொழியில் அவன் முன்னால் பேசக் கூடாது என்பதற்காக நிறுத்தினார்கள். நண்பனின் வீட்டுக்குள் போனாலும் அப்படித்தான். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சௌராஷ்டிரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு, உள்ளே காலை வைத்ததும் தமிழுக்கு மாறும். எனக்குச் சம்பந்தமே இல்லாத விஷயமாக இருந்தாலும், பாட்டி தன் மருமகளிடம் தமிழில்தான் பேசுவார். கோபமாகத் திட்டுவது கூட எனக்காகத் தமிழில் நடக்கும்.

நான் கோள் என்று நினைத்தது மரியாதை. இதைவிட வெட்கமான விஷயம் எனக்கு மதுரையில் நடக்கவில்லை.

ஆனால் இந்த மரியாதைக்கு ஒரு விலை இருக்கிறது. பாட்டி சௌராஷ்டிரத்தில் கேட்டால் நண்பன் தமிழில் பதில் சொல்கிறான். அவன் தங்கைக்குக் கேட்டால் புரிகிறது, பேச வரவில்லை. கடையில் தமிழ், பள்ளியில் தமிழும் ஆங்கிலமும், வீட்டில் விருந்தாளி வந்தால் தமிழ். எங்கள் வீடுகளில் யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். அப்படியென்றால் அந்த மொழிக்கு மிச்சம் எத்தனை மணி நேரம்? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அதைத் தாய்மொழி என்று பதிவு செய்தவர்கள் சுமார் 2,47,000 பேர். எண்ணிக்கை குறைவில்லை. அதில் எத்தனை பேர் பேரப்பிள்ளையிடம் பேசுகிறார்கள் என்று எந்தக் கணக்கெடுப்பிலும் கேட்பதில்லை.

எழுத்து நிலைமை இன்னும் மோசம். சௌராஷ்டிரத்துக்குச் சொந்த லிபி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி. எம். ராமராய் அதில் பாடப்புத்தகங்கள் போட்டார். சொந்த லிபியா, தேவநாகரியா, தமிழ் எழுத்தா என்று அவர்களுக்குள்ளேயே பல காலம் சர்ச்சை. 2008-ல் அந்த லிபி யூனிகோடில் சேர்ந்துவிட்டது. இன்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்த அந்த எழுத்து என் நண்பனுக்குத் தெரியாது. 1990-ல் சௌராஷ்டிர - ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்து வெளியிட்டவர் உச்சிதா என்ற ஜப்பானியர்! அவர் ஜப்பானிலிருந்து வந்து கற்றுக்கொண்டிருக்கிறார், மாடியில் குடியிருக்கும் நான் இரண்டு வார்த்தை கற்றிருக்கிறேன்.

2023 ஏப்ரலில் குஜராத்தில் சௌராஷ்டிரா - தமிழ் சங்கமம் நடந்தபோது மதுரையிலிருந்து சிறப்பு ரயில் விட்டார்கள். நண்பனின் பெரியப்பா போய்வந்தார். சோமநாதர் கோயிலைப் பார்த்துக் கண் கலங்கியதாகச் சொன்னார். நல்ல வரவேற்பாம். பேச்சுதான் ஒட்டவில்லை. அவர்கள் குஜராத்தி இவருக்குப் பாதி புரியவில்லை, இவர் பேசியது அவர்களுக்கு அதுகூடப் புரியவில்லை. கடைசியில் தெரிந்த இந்தியை வைத்துச் சமாளித்திருக்கிறார். நான்காம் நாள் நம்ம ஊர் ரசத்துக்கு ஏங்கிவிட்டேன் என்றார். "சொந்த ஊரு எதுன்னு இப்ப எனக்கு நல்லாத் தெரிஞ்சு போச்சு தம்பி" என்று சிரித்தார்.

போன மாதம் பாட்டியிடம் நேராகவே சொல்லிவிட்டேன். "பாட்டி, நான் வந்தா தமிழ்ல மாத்தாதீங்க. உங்க பாஷையிலயே பேசுங்க, கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "விருந்தாளி முன்னாடி வேற பாஷை பேசுறது மரியாதையா தம்பி?"

"மூணு வருஷமா உங்க மாடியில இருக்கேன். இன்னும் விருந்தாளியா பாட்டி?"

பாட்டி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி நண்பனின் அம்மாவிடம் என்னமோ நீளமாகச் சொன்னார். எனக்குப் பிடிபட்டது 'பாணி' மட்டும்தான். அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு முன்னால் பாட்டி சொன்ன அவ்வளவும் என்ன என்று நண்பனைக் கேட்டேன். அவனுக்கும் முழுசாகப் புரியவில்லையாம்.