பிச்சாவரம்: காடும் கரையோர மக்களும்

காரைக்காலுக்கு வடக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ளது பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஆங்கிலேயர் காலம் தொடங்கி 1970கள் வரை அரசே இங்கு பகுதி பகுதியாக மரங்களை வெட்டி வருமானம் பார்த்தது. வெட்டிய நிலம் காய்ந்து பள்ளமானது. தேங்கிய கடல்நீர் ஆவியாகி மண் உப்பேறியது. மரம் முளைக்கவில்லை. பழியோ, மாடு மேய்த்து விறகு பொறுக்கிய கிராம மக்கள் மேல் விழுந்தது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தது. பிறகு வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். கடல்நீர் தேங்காமல் வந்து போனது. நட்ட கன்றுகள் பிழைத்தன.

இறாலும் நண்டும் வளர்வது அலையாத்தி வேர்களுக்கிடையில்தான். காடு சுருங்கினால் மீனவர் வருமானமும் சுருங்கும். விற்ற மரம் வரவில் ஏறியது, இந்த நட்டம் ஏறவில்லை. முதலைத் தின்று லாபம் காட்டும் வியாபாரம் நிலைக்காது. காட்டோரம் வாழ்பவரைக் குற்றவாளியாக அல்ல, பங்குதாரராகப் பார்த்தபோதுதான் பிச்சாவரம் மீண்டது.