வரியும் தோட்டத்து மூன்று வீடுகளும்

மலாக்காவில் வரி காரணமாக ஒரு போரே நடந்திருக்கிறது. நானிங் வட்டாரத்தார் ஒல்லாந்தருக்கு ஆண்டுதோறும் 400 கந்தாங் நெல் அளந்து வந்தனர். அது பெயரளவிலான காணிக்கையே. பின்வந்த ஆங்கிலக் கம்பெனியார் விளைச்சலில் பத்தில் ஒன்று வேண்டுமென்றனர். தலைவர் டோல் சைட் மறுத்தார். 1831இல் சென்ற படை தோற்றுத் திரும்பிற்று. 1832இல் சென்னைச் சிப்பாய்களும் அடங்கிய பெரும்படை சென்று வென்றது.

பத்தில் ஒன்று என்பது எல்லார்க்கும் ஒரே அளவு போலத் தோன்றும். நூறு கலம் விளைந்தவனுக்குத் தொண்ணூறு மிஞ்சும். பத்துக் கலம் விளைந்தவனுக்கு மிஞ்சும் ஒன்பதோ, அவன் வீட்டுச் சோற்றுக்கே பற்றாமற்போகலாம். விகிதம் ஒன்றாயினும் சுமை ஒன்றன்று.

இவ்வுண்மை பின்னாளில் நியாலாஸ், அசகான், ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலும் விளங்கலாயிற்று. டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், அதனையடுத்துப் புக்கிட் அசகானிலும் ரப்பர் பயிரிட்டார். தோட்டங்கள் பெருகின, தமிழர் வந்தனர். தோட்டமென்றால் மூன்று வகை வீடுகள்: தொழிலாளர் லயம், கிராணியார் வீடு, துரை பங்களா. சர்க்கார் வரியை மாற்றும் போதெல்லாம் இம்மூன்றும் மூன்று விதமாக அதனை உணர்ந்தன.

மலாக்கா அந்நாளில் நீரிணைக் குடியேற்றத்தைச் சேர்ந்தது. அங்கு முதல் உலகப் போரின்போது, 1917இல், போர்வரி என்னும் பெயரில் வருமானத்தின் மீது வரி வந்தது. 1922இல் வருமான வரி அடியோடு நீங்கிற்று. பங்களாவில் மகிழ்ச்சிதான். ஆனால் சர்க்காரின் பெட்டி நிரம்பியது எதனால்? நூற்றாண்டின் தொடக்கத்தில் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினியிலிருந்து கிடைத்தது. அதனை வாங்கியோர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர். மதுவுக்கும் புகையிலைக்கும் தீர்வை உண்டு. தோட்டத்துக் கள்ளுக்கடையும் லைசென்சு பெற்றே நடந்தது. 1930இல் அரசாங்கம் வகுத்த தமிழ்த் தொழிலாளர் நாட்கூலி ஆணுக்கு 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணுக்கு 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைந்தது. வருமானத்தின் மீதான வரி இத்தகைய வீழ்ச்சியில் தானே குறையும். பொருளின் எடைக்கு விதித்த தீர்வையோ வாங்குபவனின் கூலியைப் பார்ப்பதில்லை.

வணிகச் சங்கங்களின் கடும் எதிர்ப்புக்கிடையே 1947இல் வருமான வரிச் சட்டம் பிறந்து, 1948 முதல் நடைமுறைக்கு வந்தது. பால்வெட்டுத் தொழிலாளியை அது தீண்டவில்லை. அவ்வளவு கூலி அவனுக்கு ஏது?

தராசு மீண்டும் சாய்ந்தது 2015இல். அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் பொருள், சேவை வரி 6 விழுக்காடு. அரிசி, சீனி, சமையல் எண்ணெய் முதலியவற்றுக்கு வரியில்லை. (சீனிக்கிருந்த கிலோவுக்கு 34 காசு மானியம் 2013 அக்டோபரிலேயே எடுபட்டது, வரியேறாமலும் விலையேறும்.) ஈடாக, வருமான வரி 1 முதல் 3 விழுக்காட்டுப் புள்ளி வரை குறைந்தது. மாதம் 3,000 வெள்ளிக்கு உட்பட்ட குடும்பத்துக்குப் பிரிம் உதவித்தொகை 950 வெள்ளி. 4,000 வரை 750.

கணக்கிட்டுப் பார்ப்போம். லயத்து வீடு வரியுள்ள பொருள்களுக்கு மாதம் 500 வெள்ளி செலவிட்டால் ஆண்டுக்கு 360 வெள்ளி வரி. வருமான வரிக் குறைப்பால் அதற்குப் பயனில்லை. ஆயினும் பிரிம் கிடைத்தால் ஈடாகிவிடும். கிராணியார் மாதம் 4,500 வெள்ளி பெறுபவர் என்க; பிரிம் இல்லை. கழிவுகள் போக 30,000 வெள்ளிக்கு அவர் வரி கட்டினால் ஆண்டுக்கு மிச்சம் 250 வெள்ளி. கடையில் மாதம் 1,500 வெள்ளிக்கு வாங்கினால் கொடுக்கும் வரி 1,080. தோட்ட நிர்வாகிக்கு வரிக்குரிய வருமானம் 1,00,000 வெள்ளியானால் மிச்சம் 1,950. மாதம் 3,000 வெள்ளிக்கு வாங்கினால் வரி 2,160. ஆக, கிராணியார் கைநட்டம் 830 வெள்ளி; பெரியவருக்கு 210!

லயத்து வீடு தப்பியது என்று முடிவு செய்வதற்குமில்லை. வரி சட்டத்தில் நின்றது. உதவித்தொகையோ ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தால்தான் உண்டு. அதுவும் குடிமக்களுக்கு மட்டுமே. இந்நாட்டிலேயே உழைத்து மூத்தும் சிவப்பு அடையாள அட்டையுடன் வாழ்ந்த தோட்டத்துத் தமிழர் பலர். அவர்கள் வாங்கிய சவர்க்காரத்துக்கும் துணிக்கும் 6 விழுக்காடு உண்டு, பிரிம் இல்லை.

2018 ஜூன் 1இல் அவ்வரி பூச்சியமாயிற்று. செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது. ஆனால் பொருள், சேவை வரிக்கு ஈடென்று 2015இல் கொடுத்த வருமான வரிக் குறைப்பு அதனோடு திரும்பப் பெறப்படவில்லை. நிர்வாகியின் 1,950 வெள்ளியும், கிராணியாரின் 250 வெள்ளியும் அவரவர் கையிலேயே தங்கின.