நெடும்பயணக் காரின் இலக்கணம்: பெரம்பலூர், அரியலூர்ச் சாலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

'கிராண்ட் டூரிங்' என்ற பெயரைச் சுருக்கி 'ஜிடி' என்று காரின் முதுகில் பொறிப்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. இந்தியாவில் 2013இல் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி ஒரு சிறிய ஹேட்ச்பேக். ஆஸ்டன் மார்ட்டினும் ஃபெராரியும் அதே இரண்டெழுத்தைத் தாங்கி வந்தவை. இவற்றையெல்லாம் ஒரே இனமாகக் கொள்ள முடியுமா?

கார் நூல்கள் தரும் வழக்கமான விடை, உறுப்புகளை எண்ணிக் காட்டுவது: இரண்டு கதவு, முன்னால் பெரிய இயந்திரம், தோல் இருக்கை, தாழ்ந்து சரியும் கூரை. இந்தப் பட்டியல் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, அந்த வடிவம் எதற்கு என்பதைச் சொல்லவில்லை. இக்கட்டுரை பயனிலிருந்து தொடங்குகிறது. ஒரு பகல் முழுவதும் உயர்ந்த சராசரி வேகத்தில், இருவரையும் அவர்கள் பெட்டிகளையும் சுமந்து சென்று, இறங்கும்போது ஓட்டியவரின் உடலும் கவனமும் தளராமல் வைத்திருக்கும் காரே கிராண்ட் டூரர் என்பது இங்கு முன்வைக்கப்படும் வரையறை. சாலையைத் தவிர்த்துவிட்டு இதைச் சோதிக்க இயலாது. ஆகவே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் பெரம்பலூரும், சிமெண்ட் லாரிகளின் ஊரான அரியலூரும் சோதனைக் களங்களாகின்றன.

2. தோற்றம்

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் உயர்குடி இளைஞர்கள் பிரான்சு வழியாக ஆல்ப்ஸ் கடந்து இத்தாலிவரை சென்ற கல்விப் பயணத்திலிருந்து பெயர் வந்தது. அதைக் காருக்குச் சூட்டியவர்கள் இத்தாலியர்கள். ஆல்ஃபா ரோமியோ 6சி 1750 வரிசையிலேயே 'கிரான் டுரிஸ்மோ' என்ற வகை இருந்தது. ஆயினும் இந்த இனத்தின் முதல் முழுமையான சான்றாக ஆய்வாளர்கள் பலர் கொள்வது 1951இல் வெளிவந்த லான்சியா அவுரேலியா பி20 ஜிடியை.

இந்தக் கார் நின்று பார்க்கத் தக்கது. அதன் இயந்திரக் கொள்ளளவு 1991 சி.சி. மட்டுமே, ஆற்றல் ஏறத்தாழ 75 குதிரைத்திறன். ஆற்றலில் இன்று நம் ஊர்ச் சந்துகளில் ஓடும் சிறு கார்களின் அளவுதான். வியப்பு அமைப்பில் இருந்தது. விட்டோரியோ யானோவின் மேற்பார்வையில் ஃபிரான்செஸ்கோ டி வர்ஜிலியோ வடிவமைத்த அந்த ஆறு சிலிண்டர் வி6, தொடர் உற்பத்திக்கு வந்த முதல் வி6 இயந்திரம். கியர் பெட்டியைப் பின்சக்கரங்களுக்கு அருகே வைத்ததால் எடை முன்னும் பின்னும் சீராகப் பகிரப்பட்டது. நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கின. மிஷலின் ரேடியல் டயரோடு ஆலையிலிருந்தே வெளிவந்த முதல் கார்கள் அவுரேலியா வரிசையைச் சேர்ந்தவை. அதே 1951இல், பிரெசியாவிலிருந்து ரோம் சென்று திரும்பும் சுமார் 1,600 கி.மீ. மில்லே மில்யா பந்தயத்தில் ஜியோவான்னி பிராக்கோ ஓட்டிய பி20, இரண்டு மடங்குக்கும் பெரிய இயந்திரம் கொண்ட ஃபெராரிக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. பொதுச் சாலையில் ஓடிய பந்தயம் அது. அங்கே வென்றது வெறும் உச்ச வேகமாக இருந்திருந்தால் பி20க்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

3. உறுப்புகளும் அவற்றின் வேலையும்

இயந்திரம் முதலில். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. மணிக்கு 100 கி.மீ.யில் போகும்போது இயந்திரம் தன் திறனில் பாதிகூடச் செலவிடாமல், தாழ்ந்த சுழற்சியில் அமைதியாக ஓட வேண்டும். நம் ஓட்டுநர்கள் 'வண்டி கத்தாம போகுது' என்று பாராட்டுவது இதைத்தான். முந்தும்போது வேண்டிய 'பிக்கப்' அந்த மிச்சத்திலிருந்து வருகிறது.

அடுத்தது தொங்கல் அமைப்பு. என் கணிப்பில் முதலிடம் இதற்குத்தான். செங்குத்தாக வரும் அதிர்வில் மனித உடலை மிகவும் வருத்துவது வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுகள். நல்ல பயணக் காரின் உடல் வினாடிக்கு 1 முதல் 1.5 முறை மெல்ல ஆடுமாறு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பொருத்தப்படுகின்றன. அதைவிட விறைப்பானால் இடுப்பு வலிக்கும். தளர்ந்தால் பின்னால் இருப்பவருக்குக் குமட்டும்.

இருக்கை, பிரேக், விளக்கு ஆகியவை பற்றி விரிக்கத் தேவையில்லை. டிக்கியும் எரிபொருள் தொட்டியும் மட்டும் அடிக்கடி மறக்கப்படுகின்றன. பெட்டி வைக்க இடமில்லாத கார் எவ்வளவு விரைந்தாலும் அது விளையாட்டுக் கார்தான். சென்னையிலிருந்து திருச்சி போய்த் திரும்ப ஏறத்தாழ 660 கி.மீ.; ஒரு முறை நிரப்பிய தொட்டியில் அந்தத் தூரத்தைத் தாண்டும் காரை நெடும்பயணத்துக்கு ஏற்றது எனலாம்.

4. தமிழ்நாட்டு நேர்வு: ஸ்டாண்டர்டு 2000

பெரம்பலூர் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலையில், வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை இருந்தது. ஹெரால்டு, கெசல் கார்களைத் தந்த நிறுவனம் அது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை அது வெளியிட்டது. அதன் உடல், பிரிட்டனில் 1976இல் அறிமுகமாகி 1977க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்ற ரோவர் எஸ்டி1. வடிவமைப்பாளர் டேவிட் பேச், ஃபெராரி டேட்டோனாவின் சாயலை அதில் வேண்டியே சேர்த்தவர். ஆக, கிராண்ட் டூரரின் முகம் கொண்ட ஒரு கார் சென்னைப் புறநகரில் உருவானது.

உள்ளே இருந்தது வேறு. ரோவரின் 3.5 லிட்டர் வி8 வரவில்லை; ஸ்டாண்டர்டு வேன்கார்டு வழிவந்த நான்கு சிலிண்டர் இயந்திரம் பொருத்தப்பட்டது. அதன் கொள்ளளவும் 1991 சி.சி.; அவுரேலியாவுக்கு இருந்த அதே அளவு! இந்தப் பொருத்தம் தற்செயலானதுதான், ஆனால் ஆய்வாளனுக்குப் பெரும் கொடை. கொள்ளளவு ஒன்றாகவே இருக்க, ஒன்று இனத்தின் மூலச் சான்றாகவும் மற்றொன்று கைகூடாத முயற்சியாகவும் ஆனது. 1940களின் வடிவமைப்பான அந்த இயந்திரக் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரிலும் டிரையம்ஃப் டிஆர்2 விளையாட்டுக் காரிலும் உழைத்தது. அது கெட்ட இயந்திரம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அகன்ற, எடை மிகுந்த ஓர் உடலை நாற்பதாண்டு கழித்து அது இழுக்க நேர்ந்தது என்பதே உண்மை. எரிபொருள் செலவு பற்றிய குறைகளும் எழுந்தன. 1988இல் உற்பத்தி நின்றது, ஆலையும் மூடப்பட்டது.

அதே காலத்து இந்தியக் காரான கான்டெஸ்ஸா, வாக்ஸ்ஹால் விக்டரின் வழித்தோன்றல். 1984இல் அம்பாசிடரின் 1489 சி.சி. இயந்திரத்தோடு வந்தபோது அதற்கும் இதே நோய். பின்னர் 1.8 லிட்டர் இசுசூ இயந்திரமும் ஐந்து கியரும் கிடைத்ததும் அது உண்மையான நெடுஞ்சாலைக் காராக மாறியது. 2002 வரை உற்பத்தியான அந்தக் காரே, அக்கால இந்தியத் தயாரிப்புகளில் கிராண்ட் டூரருக்கு மிக அருகே வந்தது என்பது என் முடிவு. ஆனாலும் வாங்கியவர் பலர் பின்னிருக்கையில் அமர்ந்து போனார்கள். கிராண்ட் டூரரோ ஓட்டுபவருக்காகப் பிறந்த கார்.

5. பெரம்பலூர்: சராசரி வேகத்தின் சோதனை

விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, தொழுதூர் வழியாக வரும் சாலை (பழைய தே.நெ. 45, இன்றைய தே.நெ. 38) திருமாந்துறைச் சுங்கச்சாவடியைக் கடந்து, ரஞ்சன்குடிக் கோட்டையை ஒட்டிப் பெரம்பலூரை அடைந்து, சிறுவாச்சூர், பாடாலூர் வழியே திருச்சிக்கு இறங்குகிறது. நான்கு வழியாக அகன்ற பிறகு இங்கே சராசரி வேகம் என்பது பொருளுள்ள அளவீடானது. சென்னை–பெரம்பலூர் சுமார் 270 கி.மீ. சராசரி 60இல் நாலரை மணி நேரம்; 80இல் மூன்றே கால் மணியைச் சற்றுத் தாண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம், அதுவும் 100ஐத் தாண்டாமலேயே. சராசரியை உயர்த்துவது இடையிடையே 140 தொடுவதால் அன்று; தடுமாறாமல் சீராகப் போவதால்.

இச்சாலையில் எதிர்த்திசையில் பைக் வரும். சாலை நடுவின் இடைவெளியில் ஆடு மாடு குறுக்கிடும். அறுவடைக் காலத்தில் பக்கச் சாலைகளில் மக்காச்சோளம் காயும். 100 கி.மீ. வேகத்தில் ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆனால் வண்டி 28 மீட்டர் ஓடியிருக்கும். உலர்ந்த சாலையில் நிற்க மேலும் 55 மீட்டர் வேண்டும். 140இல் மொத்தம் 150 மீட்டரைத் தொடும். இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் நம் நெடுஞ்சாலைகளில் உச்ச வேகத்தைக் கிராண்ட் டூரரின் இலக்கணத்தில் சேர்க்கமாட்டார்கள்.

பெரம்பலூர் இந்த ஆய்வுக்கு இன்னொரு வகையிலும் உறவு. பாடாலூரை அடுத்த நாரணமங்கலத்தில் எம்ஆர்எஃப் டயர் ஆலை இயங்குகிறது. ரேடியல் டயரில் உள்ளிழைகள் ஓடும் திசைக்குக் குறுக்காகச் செல்வதால் பக்கச் சுவர் தனியே நெளிகிறது. தரையைத் தொடும் பகுதி தட்டையாகப் படிந்து நிற்கிறது. சூடு குறையும், பிடிமானம் கூடும். 1951இல் அவுரேலியாவைத் தனித்துக் காட்டிய இந்தப் பேறு இன்று எல்லாக் கார்களுக்கும் பொது.

6. அரியலூர்: உடலின் சோதனை

பெரம்பலூரிலிருந்து தஞ்சை செல்லும் தே.நெ. 136இல் அரியலூர் சுமார் 30 கி.மீ. தூரம். அரியலூரைச் சூழ்ந்து, கிரிட்டேசியஸ் காலக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல் படிவங்கள். அதை நம்பி அரசின் டான்செம் முதல் ராம்கோ, டால்மியா, செட்டிநாடு, அல்ட்ராடெக்வரை ஆலைகள். அவற்றுக்குக் கல்லும் அவற்றிலிருந்து சிமெண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகள்.

லாரி சாலைக்குச் செய்யும் கேட்டுக்குக் கணக்கு உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த ஆஷோ சாலைச் சோதனை, அச்சுச் சுமையின் நான்காம் படிக்கு ஏற்பச் சேதம் பெருகுவதைக் காட்டியது. சுமை இருமடங்கானால் சேதம் 16 மடங்கு. இங்குள்ள கரிசல் மண்ணின் இயல்பும் இதோடு சேர்கிறது. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும் மண்ணின் மேல் போட்ட தார் நாளடைவில் அலையலையாகிவிடும்.

இனி மேலே சொன்ன அதிர்வுக் கணக்கை இங்கே பொருத்தலாம். மணிக்கு 80 கி.மீ. என்பது வினாடிக்கு 22 மீட்டர். 20 மீட்டர் நீள அலை வினாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை தூக்கும். அது காரின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போய் வண்டியை ஊஞ்சலாக்கும். 4 மீட்டர் அலையோ வினாடிக்கு ஐந்தரை முறை தட்டும். உடல் தாங்க மிகக் கடினமான எல்லை அது. இரண்டையும் ஒருங்கே அடக்கும் தொங்கல் அமைப்பு உள்ள கார்தான் இங்கே தேறும். தாழ்ந்த கூரையும் அகன்ற சக்கரமும் கொண்ட பல இறக்குமதிக் கார்கள் பெரம்பலூர்த் தேர்வில் முதல் மதிப்பெண் பெற்று அரியலூரில் தவறிவிடும்.

7. ஓர் ஐயம்

அப்படியானால் இன்னோவாவும் கிராண்ட் டூரர்தானே என்று கேட்கலாம். 2005 முதல் இச்சாலைகளை ஆள்வது அதுதான். 'லாங் போறதுக்கு இன்னோவா' என்பது வாடகைக் கார் நிலையங்களில் மாறாத பேச்சு. களைப்பைக் குறைப்பதில் அது தேறுகிறது. ஆனால் உயர்ந்த உடலும், வளைவில் சாயும் இயல்பும், ஏழு பேரைச் சுமக்கும் நோக்கமும் அதைக் குடும்ப ஊர்தி என்ற வேறு இனத்தில் சேர்க்கின்றன. கிராண்ட் டூரர் ஓட்டுபவரின் களைப்பைப் போக்குவதோடு, ஓட்டுவதையே விருப்பமாக்க வேண்டும்.

8. முடிபு

கதவின் எண்ணிக்கை, சிலிண்டர், விலை, உச்ச வேகம் நான்கும் இலக்கணத்துக்கு வெளியே நிற்பவை. தளராத ஓட்டுநர், சீரான சராசரி வேகம், பெட்டிக்கு இடம், சாலைக்கு ஒத்த தொங்கல் அமைப்பு ஆகியவை இலக்கணத்தின் உட்கூறுகள். நம் கார் இதழ்கள் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மட்டும் கார்களை ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவதை நிறுத்த வேண்டும். ஜிடி என்று எழுதிக்கொண்டு வரும் ஒவ்வொரு காரையும் சென்னையிலிருந்து பெரம்பலூருக்கு ஒரே மூச்சில் ஓட்டி, இறங்காமல் அரியலூர்வரை கொண்டுபோய், அதன் பிறகு தீர்ப்பு எழுதட்டும்.